மூதூர் லோஞ்சும் தொடாத கருவியும்

வெல்டிங் செய்த இரும்புக்குள் அடங்கிக் கிடக்கும் இறுக்கத்தை, இரும்பைத் தொடாமலே அளப்பது என் வேலை. அளந்ததை வாய்திறந்து சொல்வது அதைவிடப் பெரிய வேலை. 'மாட்டேன்' என்பதைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சோதனைச் சாவடி

உப்புவெளியிலிருந்து துறைமுகப் பட்டறைக்கு பஸ்ஸில் போவேன். என் கருவி ஒரு பெட்டியும் நீள வயரும். யுத்த காலத்தில் அப்படி வருகிற பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அது ஓடும் வேகத்தைக்கொண்டு உள்ளிறுக்கத்தை அளப்பேன் என்று தினமும் ஒப்புவிப்பேன். நாலாம் நாள் இளம் சிப்பாய் ஒருவன் பாதித் தமிழில் இரகசியமாகச் சொன்னான்: "மிஸ், எங்கட சார்ஜன்டையும் ஒருக்காப் பாருங்கோ. உள்ளுக்கு சரியான இறுக்கம்."

இரண்டு துண்டுகள்

பட்டறையின் மூத்த வெல்டர் காசிம் நானா மூதூருக்குச் சனத்தை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகின் அடியில் புதுத் தகடு ஒட்டியிருந்தார். தரைப்பாதை மூடிக் கிடந்ததால் மூதூர்ச் சனத்துக்கு அந்த லோஞ்சை விட்டால் வழியில்லை. அளந்தேன், இறுக்கம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. சூடாக்கி மெல்ல ஆறவிடாமல் கடலில் இறக்கினால், அலை அடிக்க அடிக்க ஒட்டு வெடிக்கும். சொல்ல வாய் வரவில்லை. தகட்டில் சோக்கால் 'இறக்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

நானா ஒரே நிறம் பூசிய இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று சூடாக்கி மணலில் மூடி ஆறவிட்டதாம், மற்றது அப்படிச் செய்யாததாம். ஆறவிடாததைக் காட்டினால் நம்புவாராம். இரண்டின்மேலும் கருவியைப் படாமல் ஓடவிட்டு, இரண்டுமே ஆறவிடாதவை என்று சோக்கால் புள்ளடி போட்டேன். பட்டறை முழுக்கச் சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டும் ஆறவிடாததுதான் தங்கச்சி. உங்களைப் பேக்காட்டி ஏமாத்தப் பாத்தன்."

லோஞ்ச் முதலாளி

முதலாளி வந்தார். படகுத்துறை ஜெற்றியில் காத்துநின்ற சனத்தைக் காட்டி, லோஞ்சை இறக்க விடும் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா என்று கேட்டுப் பேனையை நீட்டினார். "ஏலாது" என்றேன். இன்னொரு முறையும் "ஏலாது" என்றேன்.

நானா அந்தத் துண்டுகளில் ஒன்றை இரும்பறுக்கும் வாளால் அறுக்கத் தொடங்கினார். பாதியில் உள்ளிறுக்கம் அறுத்த பிளவை நெரித்து வாளைக் கவ்விக்கொண்டது. இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. ஒட்டைச் சூடாக்கி ஆறவிட மூன்று நாளாகும் என்றார் நானா. முதலாளி வாளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பேனையைப் பொக்கற்றில் செருகினார்.

"தொடாமலே என்ட லோஞ்சை மூண்டு நாளைக்குக் கட்டிப்போட்டீங்க. தொட்டிருந்தீங்க எண்டா பெருநாள் வரைக்கும் நிண்டிருக்கும்."

இரண்டாம் முறை 'ஏலாது' சொன்னதைத் துணிச்சல் என்று பட்டறையில் இன்றைக்கும் புகழ்கிறார்கள். முதல்முறை சொன்னது எனக்கே கேட்கவில்லை, அதனால்தான் திரும்பச் சொன்னேன் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.