பழைய போர்டைத் தொடாதீங்க

மின்சாரக் கார் வாங்கிய வாரத்தில் வீட்டில் எல்லாருக்கும் உற்சாகம். எனக்கு மட்டும் சார்ஜர் மாட்ட வரப்போகிற ஆளைப் பற்றிச் சந்தேகம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். கையில் எடுக்கிற ஒவ்வொரு பாகத்திலும் தப்பு இருக்கும் என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தப் புத்தி போவதில்லை என்று என் கணவர் சொல்வார்.

எலக்ட்ரீஷியனின் எண்ணைத் தந்தது கூட வேலை செய்யும் ஒரு தோழி. அவள் வீட்டுக்கும் அவர்தான் சார்ஜர் மாட்டினாராம். யார் வருகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப்புறமிருந்து கேட்டார். சொன்னேன். அக்காவின் முகம் சட்டென்று மாறியது.

"அந்த ஆளா? வேணாம்மா. சரியில்லாதவன். எங்க வீட்டுக்காரரு வேற ஆளைக் கூட்டிட்டு வருவாரு, சும்மா இரு."

எங்கள் வீட்டை நாங்கள் வாங்கியதே அக்காவின் கொழுந்தனாரிடம்தான். குடிவந்த நாளிலிருந்து அக்கா எங்களிடம் பிரியமாகத்தான் இருந்தார். அவர் யாரையும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் சார்ஜர் பெட்டி வந்து இறங்கிவிட்டது. வரச் சொன்ன ஆளை வேண்டாமென்று சொல்ல என் கணவருக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பியபோது எலக்ட்ரீஷியன் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வீடுங்களா?" என்றார்.

"ஏன், தெரியுமா?"

"இல்லீங்க மேடம். அட்ரஸ் சரிதானான்னு கேட்டேன்."

உள்ளே வந்ததும் கெலவரப்பள்ளிப் பக்கம் லேஅவுட்டில் தான் மாட்டிய சார்ஜர்களைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். காருக்கு மீட்டரிலிருந்தே தனியாகப் புது லைன் இழுக்க வேண்டும், புது எர்த்தும் போட வேண்டும் என்றார். வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்ச் போர்டைக் காட்டி, "இதையும் திறந்து ஒரு தடவை பார்த்துடுங்க" என்றேன்.

"பழைய போர்டைத் தொடாதீங்க மேடம். நல்லாத்தான் ஓடுது. தொட்டா ஒண்ணு மாத்தி ஒண்ணு கோளாறு வரும்."

வேலைக்கு வந்தவர் கூடுதல் வேலையை வேண்டாம் என்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் எர்த்துக்குக் குழி தோண்டும்போது பக்கத்து வீட்டு அண்ணன், அக்காவின் கணவர், மதிலருகே வந்தார். இருவரும் தெலுங்கில் பேசினார்கள். புதிதாகப் பார்த்த ஆட்கள் பேசுகிற மாதிரி இல்லை. நான் நாகரசம்பட்டிக்காரி. இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் தெலுங்கு எனக்கு வேகமாகப் பேசினால் புரியாது. 'மோட்டர்' என்பது காதில் விழுந்தது. போகும்போது அண்ணன் குரலைத் தாழ்த்தி, "செப்பொத்து" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். என் பிரிவில் யாராவது தாமதமாக வந்தால் சூப்பர்வைசர் காதுக்குப் போகாமலிருக்க தெலுங்குக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. சொல்லாதே.

திறக்க விடாத போர்டும் பக்கத்து வீட்டு மோட்டரும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. கிளாம்ப் வாங்க அவர் கடைக்குப் போனதும் என் கணவரிடம் சொன்னேன். "ஆரம்பிச்சிட்டியா" என்றார். நான் காதில் வாங்கவில்லை. உள்ளே எல்லா சுவிட்சுகளையும், எம்சிபிக்களையும் அணைத்தேன். வீடு முழுக்க நிசப்தம். வெளியே வந்து மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, மீட்டர் ஓடுகிறது. அந்த நேரம் பக்கத்து வீட்டு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

வெளியே இருந்த மெயினை இறக்கினேன். உறுமல் நின்றது.

"மோட்டர் நின்னுடுச்சே!" என்று அந்தப்புறம் அக்காவின் குரல். ஏற்றினேன். மறுபடி ஓடியது. என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது என்று மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம். நான் அதிகமாக ஹீட்டர் போடுகிறேன் என்பது அவர் கட்சி. அவர் மெயினைத் தானும் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் நேராகக் கேட்டேன். "பக்கத்து வீட்டு மோட்டருக்கு எங்க மீட்டர்லருந்து லைன் போகுது. உங்களுக்குத் தெரியும்தானே?"

கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நான்தான் மேடம் இழுத்தேன். அண்ணன் தம்பி ஒண்ணா இருந்தப்போ. அப்போ ரெண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டரு, தம்பி மீட்டர்ல போடுன்னாங்க, போட்டேன். வீடு கைமாறினது எனக்கு இன்னிக்கு இங்க வந்துதான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லலை?"

"அவங்களும் எனக்கு வேலை குடுக்கறவங்க. காரும் மோட்டரும் ஒரே வயர்ல ஓடினா சூடாயிடும். அதான் உங்களுக்குத் தனி லைன் சொன்னேன். உங்க காருக்கு ஒண்ணும் ஆவாது."

"மீட்டர் எங்களுதுதானே ஓடும்?"

"அது ஓடும்தான்" என்றார், தரையைப் பார்த்தபடி.

போர்டைத் திறக்கச் சொன்னேன். மெயினுக்குக் கீழே எங்கள் வயரோடு சேர்த்து முறுக்கிய கறுப்பு வயர் ஒன்று சுவருக்குள் போயிருந்தது. என் கண் முன்னாலேயே அதை வெட்டி டேப் சுற்றினார்.

சத்தம் கேட்டு அக்காவும் அண்ணனும் எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"தம்பி இருந்தப்போ போட்டதும்மா. மறந்தே போயிட்டோம்" என்றார் அண்ணன்.

"மறந்ததை எப்படிண்ணா செப்பொத்துன்னு சொன்னீங்க?"

அக்காதான், "சத்தியமா எனக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்" என்று என் கையைப் பிடித்தார். அப்படியென்றால் அந்த எலக்ட்ரீஷியன் வேண்டாமென்று ஏன் அவ்வளவு சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன். பிடித்த பிடியை அவர் தளர்த்தவில்லை. கேட்காமல் விட்டேன். இன்றுவரை எனக்கு அது தெரியாது.

அடுத்த சில நாளில் அவர்கள் தங்கள் மீட்டரிலிருந்து லைன் போட்டுக்கொண்டார்கள். பழைய பில்லைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா இப்போதும் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். முன்பு போல மதிலில் கைவைத்து நின்று பேசுவது மட்டும் நின்றுவிட்டது.

சார்ஜர் இதுவரை ஒரு குறையுமில்லாமல் வேலை செய்கிறது. சென்ற மாதம் தொழிற்சாலையில் இன்னொரு பெண் எலக்ட்ரீஷியன் எண் கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவருடைய எண்ணையே கொடுத்தேன்.

"வேலை நல்லா செய்வாரு. முடியற வரைக்கும் பக்கத்துலயே நில்லு" என்றேன்.