கார்பைனுக்கு வைத்த குங்குமம்

சரஸ்வதி பூஜையன்று மாலை சிங்கப்பூர் பிடோக்கில் அக்கா வீட்டில் இருந்தேன். போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்தார். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார் — துப்பாக்கி எங்கே?

அத்தான் அலமாரியைத் திறந்து காட்டினார். காலி.

அத்தான் தென்னந்தோப்பில் மேற்பார்வையாளர். நாய்க்கூட்டம் ஒரு பக்கம், தேங்காய்த் திருடர்கள் ஒரு பக்கம். துப்பாக்கி லைசன்ஸ் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் குவார்ட்டர்ஸ் என்பது முதலாளியின் கண்டிஷன். வாங்கப் போனபோது ஷாட்கன் தோளை உதைக்குமே என்று அத்தான் தயங்க, கடைக்காரர் ஒரு கார்பைனை நீட்டினார். குட்டை ரைபிள், ஆனால் போடுவது ரிவால்வர் தோட்டா. கைக்கு அடக்கம். அத்தானுக்குப் பிடித்துவிட்டது. லைசன்ஸ் ஆபீஸருக்குத்தான் பிடிக்கவில்லை. உடம்பு ரைபிள், வயிற்றில் ரிவால்வர் தோட்டா... உண்மையில் யாருக்காக வாங்குகிறாய் என்று மூன்று தடவை கேட்டாராம்.

சட்டமும் வருஷத்துக்கு வருஷம் இறுகுகிறது. சுட்ட தோட்டாவுக்கு வெற்றுக் கூட்டைக் காட்ட வேண்டும். துப்பாக்கி எப்போதும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னவனே நான்தான்.

அன்று அது பூஜைப் பலகையில் இருந்தது. அக்காவின் தையல் மெஷின், என் புத்தகங்கள், தேங்காய் உரிக்கும் கம்பி... நடுவில் சந்தனம் குங்குமத்தோடு கார்பைன். தொழில் செய்யும் பொருளைப் பூஜையில் வைக்காமல் இருப்போமா?

எடுத்துக் கொடு என்றார் சார்ஜன்ட். அத்தான் அசையவில்லை. பலகையில் வைத்ததை மறுநாள் காலைதான் தொடுவோம் என்று அக்கா சொன்னதை நான் மலாயில் சொன்னேன். துப்பாக்கிக்காரன் துப்பாக்கியைத் தொட மாட்டான் என்றால் எந்தப் போலீஸ் நம்பும்? அவரே எடுத்தார். குழலை மோந்து பார்த்தார். சந்தன வாசனைதான் வந்திருக்கும். சிவப்பைச் சுரண்டி இது என்ன என்று கேட்டார். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, கார்பைனோடு கிளம்பினார். பூஜை வீட்டிலிருந்து வெறும் வாயோடு போகக்கூடாது என்று அக்கா சுண்டல் பொட்டலம் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டார்.

சரி, குறிப்பாக அந்த மாலையில் எப்படி வந்தார்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். டீக்கடைக்காரரா? வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மரமேறியா? பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் சிரித்தால்கூட எனக்கு உறுத்தியது. இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை அத்தானோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சார்ஜன்ட் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். லைசன்ஸ் புதுப்பிக்கும் ஃபாரம். எந்தெந்த நேரத்தில் ஆயுதம் பூட்டிலிருந்து வெளியே எடுக்கப்படும் என்று ஒரு கேள்வி. கீழே அழகான கையெழுத்தில் பதில் — துடைக்கும்போது, நாய்களை விரட்டும்போது, சரஸ்வதி பூஜையன்று மாலை முதல் மறுநாள் காலை வரை. தேதியும் போட்டிருந்தது.

கையெழுத்து என்னுடையது. எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் குடும்பத்தில் அங்கே போன முதல் ஆள் நான்...

இரண்டு வாரத்துக்குள் அப்பீல் மனு கொடுக்க வேண்டும். தவறினால் லைசன்ஸ் போகும். பின்னாலேயே வேலையும் வீடும் போகும். வெளியே வந்ததும், இன்றைக்கே உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்றேன். அத்தான் கோபப்படவில்லை. சிராங்கூன் ரோட்டில் மனு எழுதுகிறவரிடம் போகப்போவதாகச் சொன்னார்.

“நீ வேணாம் மச்சான். உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதிடுவே.”