வாசலில் வைத்த மூட்டை

சாமை வெந்து கூழாகக் கரைந்திருக்கும். அதே வாய்க் கஞ்சியில் ரேஷன் அரிசி பாதி வெந்து பல்லில் நறுக்கென்று இடறும். இரண்டுக்கும் நடுவே தினை, குழைவதா வேண்டாமா என்று தீர்மானிக்காததுபோல் நாக்கில் உருளும். மூன்று தானியங்களையும் ஒரே பானையில் போட்டால் அப்படித்தான் ஆகும் என்பது எந்தச் சமையற்காரருக்கும் தெரியும். ஆனால் பிரிக்கவே முடியாதபடி கலந்து வந்த தானியத்தை வேறு எப்படிச் சமைப்பது? எங்கள் வீட்டில் அதற்குச் ‘சபைக் கஞ்சி’ என்று பெயர். அந்த ருசி இன்றும் சில நாள் காரணமில்லாமல் வாயில் வந்து நிற்கிறது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பின்னால்தான் வந்தது. நான் சொல்லப்போகும் அந்த மழைக்காலத்துக்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. ஆகவே நானே கண்டதையும் அம்மா பிற்பாடு சொன்னதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரங்களைத் தாண்டி வெகுதூரம் நடந்தால் வரும் சிற்றூர் எங்களுடையது. அங்கே கிறிஸ்தவர்கள் சில குடும்பங்கள்தான். தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு, அதில் ஜெபம் நடத்த ஓர் உபதேசியார், அவ்வளவுதான் எங்கள் சபை. ஒவ்வொரு விசுவாசி வீட்டிலும் உலையில் தானியம் போடுவதற்கு முன்னால் ஒரு பிடியை எடுத்து வேறொரு சட்டியில் போட்டு வைப்பார்கள். அதை ஆண்டவருடைய ‘பிடி’ என்போம். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பிடிகளும் ஜெபவீட்டுத் தகர டின்னில் கொட்டப்படும். சாமை சாப்பிடும் வீட்டிலிருந்து சாமை, ரேஷன் அரிசி பொங்கும் வீட்டிலிருந்து அரிசி, தினை இடிக்கும் வீட்டிலிருந்து தினை. அடுத்த சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அது ஒரு மூட்டையாகி, அந்த வாரம் அடுப்பு எரியாத ஏதோ ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்.

யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்க்கக் கூடாது. மூட்டை வைக்கும் சத்தம் கேட்டாலும் காலடி ஓயும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இது உபதேசியார் வைத்த சட்டம். “தூக்கினு வந்தவங்க மூஞ்சியப் பாத்துட்டீங்கன்னா அவங்களுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லுவீங்க. மேல இருக்கறவர மறந்துடுவீங்க” என்பார்.

எங்கள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா அத்தைக்கு இது பெரிய வேடிக்கை. அவர்கள் மலைக்காரச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள். வேலியோரம் நின்று அம்மாவைச் சீண்டுவாள்.

“இன்னாமே, உங்க சாமிக்கு வெளிச்சத்துல வர வெக்கமா? பொழுது சாஞ்ச அப்புறம்தான் மூட்டைய வெச்சிட்டு ஓடுது!”

“அவருக்கு இன்னா வெக்கம், அக்கா? வாங்கித் தின்ற எங்களுக்குத்தான் வெக்கம். அதுக்காவ அவரு ஒளிஞ்சிக்கினு வர்றாரு.”

அத்தை சிரித்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிளகாயை எடுத்து அம்மாவிடம் நீட்டுவாள். “இந்தா, உங்க சாமி மொளகா கொண்டாரலல்ல?”

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அப்பா குடகுத் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சேர்ந்த அவருடைய கூட்டாளி சின்னாண்டி மாமாவும் உடன் போனார். அப்பாவின் தோளில் சாம்பல் நிறக் கம்பளி, சிவப்புக் கரை, அடுப்புப் பொறி பட்டு நடுமுதுகில் பொத்தலான இடத்தில் அம்மா நீலத் துணி வைத்துத் தைத்திருந்தாள். அப்பா போய் வளைவில் மறையும்வரை எனக்குத் தெரிந்தது அந்த நீலத் துண்டுதான்.

ஈஸ்டருக்கு வந்துவிடுவதாகச் சொன்னவர் வரவில்லை. புளி உலுக்கி முடிந்தது. மற்ற ஊர் ஆட்கள் திரும்பினார்கள். சின்னாண்டி மாமா வீட்டுக்கு அம்மா ஆள் அனுப்பினாள். “அவரும் இன்னும் வர்ல” என்று பதில் வந்தது. ஆடிக் காற்றோடு சாரல் இறங்கியபோது பரணில் இருந்த சாமைப் பானையின் அடி தெரிந்தது. அப்புறம் சனிக்கிழமை மூட்டை எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கியது.

எனக்கு இப்போதும் விளங்காத ஒன்று: அந்த மூட்டையிலிருந்தும் அம்மா ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டாள். “நமக்கு வந்ததையே திருப்பிக் குடுக்கணுமாம்மா?” என்று கேட்டேன். “நம்முது எது, சொல்லு பாக்கலாம்” என்றாள். ஒருமுறை மூட்டையைப் பிரித்ததும் புகைவாசம் அடித்தது. எங்கள் பரண் அடுப்புக்கு நேர் மேலே தாழ்வாக இருந்ததால் எங்கள் சாமைக்கு மட்டும் உள்ள வாசம் அது. என்றோ நாங்கள் கொடுத்தது ஊரைச் சுற்றிவிட்டு எங்களிடமே வந்திருந்தது. “பாத்தியா, வழி தெரிஞ்சி வந்துட்ச்சி” என்று அம்மா சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

பிறகு வாரத்தின் நடுவிலும் ஒரு மூட்டை வந்தது.

அது வேறு மாதிரி மூட்டை. உள்ளே கலப்பே இல்லை, தனிச் சாமை. உபதேசியாரின் மூட்டைக்குச் சணல் கயிறு. இதற்கு மரநார் முடிச்சு. அம்மா அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். “இது சபை மூட்டை இல்ல” என்றாள். பிறகு, “யாரு கொண்டாந்தா இன்னா, குடுத்தனுப்புறவரு ஒருத்தர்தானே. பைபிள்ல தீர்க்கதரிசிக்குக் காக்காவ வுட்டு சோறு போட்டவராச்சே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உலையை வைத்தாள். ஆனால் அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை.

அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரமும். சனிக்கிழமை மூட்டைக்கு எங்கள் நாய் கருப்பன் உறுமும், உபதேசியாருக்கே உறுமும். இந்த மூட்டை வரும்போது மட்டும் அது குரைக்கவில்லை. வாலை ஆட்டும் சத்தம் தட்டிக் கதவில் ‘தட் தட்’ என்று கேட்கும். என் மனசுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்பாதான். எதற்காகவோ உள்ளே வர முடியாமல், எங்களுக்குச் சாமை வைத்துவிட்டுப் போகிறார். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டால் இந்த வருகையும் நின்றுபோய்விடுமோ என்று பயம். பார்க்காமலே இருந்தால் அவர் ஒருநாளும் உள்ளே வரமாட்டாரே என்று அதைவிடப் பெரிய பயம். அந்த வாரங்களில் நான் செய்த ஜெபம் எல்லாம் ஒரே வரி: ‘ஆண்டவரே, அவரு திரும்பணும்.’

அன்று சாரல் விடாமல் அடித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் மூட்டை இறங்கும் சத்தம், பிறகு கருப்பனின் வால். நான் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்தேன். சாம்பல் நிறம். சிவப்புக் கரை. நடுமுதுகில் நீலத் துண்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். “அப்பா!”

அந்த முதுகு நின்றது. திரும்பவில்லை. சாரல் கம்பளியில் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது. அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் அப்பா உயிரோடு இருந்த கடைசி நேரம் அதுதான் என்று மட்டும் தெரியும்.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். அவள் கம்பளியைப் பார்க்கவில்லை. அதற்குள் இருந்த தோளின் உயரத்தைப் பார்த்தாள்.

“அண்ணா” என்றாள். “மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க.”

திரும்பியவர் சின்னாண்டி மாமா. உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே குந்தி, கம்பளியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார்.

“ஒவ்வொரு வாட்டியும் இதக் குடுத்துட்டுச் சொல்லிடணும்னுதான் வர்றேன், தங்கச்சி. மூட்டைய வெச்சதும் வாய் வர மாட்டேங்குது. வூட்ல நான் இல்லன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

அவர் சொன்னது இது. தோட்டத்தில் கூலியாட்கள் தங்கும் லயத்திலும் அப்பா தினமும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார். அங்கே ஜெபவீடு இல்லாததால் காய்ச்சலில் படுத்தவர்களுக்கு அதைக் கஞ்சியாக வைத்துக் கொடுத்தார். முதலில் படுத்தவர் சின்னாண்டி மாமா. அவர் எழுந்தபோது அப்பா படுத்தார்.

“குளிரு நடுக்கத்துல கெடந்தான். நான்தான் இதப் போத்தி வுட்டேன். கூடவே இருந்தேன், தங்கச்சி, ஒரு நாழி வுட்டுப் போகல. தோட்டத்து ஓரமாப் பொதைச்சோம். உங்க சாமிக்கு இன்னா சொல்லணும்னு எனக்குத் தெரியாது. இவன் தெனமும் படுக்கறப்ப ‘ஆண்டவரே, பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுப் படுப்பான். அதையே சொல்லிட்டு மண்ணு தள்ளினேன். தப்பா?”

“தப்பில்ல, அண்ணா” என்றாள் அம்மா. அழாமல் சொன்னாள். “அதுக்கு மேல யாருக்கும் தெரியாது.”

சாமையைப் பற்றி அவரே சொன்னார். அப்பாவைப் போல அவரும் தன் வீட்டு உலையில் ஒரு பிடி எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். ஒன்று போதாதென்று அதைப் பல பிடி ஆக்கியிருந்தார்.

அவர் கம்பளியை நீட்டியபோது அம்மா வாங்கவில்லை. “குளிருக்கு நீங்களே வெச்சிக்கங்க” என்றாள்.

அன்று இரவு நான் அம்மாவைக் கேட்டேன்: “நம்மளப் பாத்துக்கினாரு, மாமாவப் பாத்துக்கினாரு. அப்பாவ மட்டும் ஏன் பாத்துக்கல?”  அம்மா பானையை இறக்கி, துழாவி, எனக்கு ஊற்றி வைத்த பிறகுதான் சொன்னாள். “போத்தி வுட ஒரு கை பக்கத்துல இருந்துதே. அந்தக் கைய யாரு அங்க வெச்சாங்க?” பிறகு வேறு குரலில், “எனக்கும் அவ்ளோதான் தெரியும். மீதிய அவருகிட்டதான் கேக்கணும்” என்றாள்.

நான் விசுவாசி. அம்மாவின் பதிலின் முதல் பாதியில் என் ஆயுளைக் கட்டியிருக்கிறேன். கட்டியது இதுவரை இடியவில்லை. இரண்டாம் பாதி என்னோடு கூடவே நடந்து வருகிறது.

அதன்பின் ஒவ்வொரு அறுப்புக்கும் சின்னாண்டி மாமா சாமையோடு வந்தார், பகல் வெளிச்சத்தில், கருப்பனைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே. வரும்போது அவர் மாமா. விடைபெற்றுத் திரும்பி வளைவை நோக்கி நடக்கும்போது, சிவப்புக் கரையும் நீலத் துண்டும் தெரியும்போது, ஒவ்வொரு வருஷமும் போய்க்கொண்டிருந்தவர் அப்பா. நான் ஒருமுறையும் கூப்பிடவில்லை.

இப்போது மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் இருக்கிறேன். அம்மாவும் மாமாவும் இல்லை. மாமாவோடு அந்தக் கம்பளியும் மண்ணுக்குள் போனது. மலைமேல் ஜெபவீடு டைல்ஸ் தரையும் ஒலிபெருக்கியுமாக இருக்கிறது. காணிக்கைக்குக் கவர் வந்துவிட்டது. தகர டின் எங்கே என்று கேட்டதற்கு இளம் போதகருக்குத் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே வெள்ளை அரிசி வேகிறது. இனிச் சபைக் கஞ்சி வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. நான் மட்டும் குக்கரில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். தெருமுனையில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வாசலுக்கு அது போகிறது. யார் வைப்பது என்று அவர் இதுவரை பார்க்கவில்லை.

என் வாசலில் கூரியர் பையன் பொட்டலத்தை வைத்து மணியடித்தால் நான் உடனே எழுவதில்லை. “ஏம்மா, போய்த் திறயேன், இன்னா பண்ற?” என்று மகள் உள்ளிருந்து கத்துவாள். காலடி படியிறங்கி, தெருவில் கலந்து, ஓயும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். திறக்காதவரை, திரும்பி நடந்துபோகும் அந்த முதுகு யாருடையதாகவும் இருக்கலாம்.

பிறகு திறக்கிறேன். யாரும் இல்லை. வைத்துவிட்டுப் போனது மட்டும் இருக்கிறது.