மாவுக்கட்டுக்கு ஒரு மத்தியான வெயில்

என் மனைவியின் தம்பி கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வருடக்கணக்காகத் துறைமுகத்துக்குள் போய் வந்தும் வண்டியில் ஒரு கீறல் விழாதவன், டீ குடிக்க இறங்கின இடத்தில் கடைப்படியில் சறுக்கி வலது காலை முறித்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. உடன்குடியில் தனியாக விட்டால் அடங்க மாட்டான் என்று, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள் என் மனைவி. டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: கட்டுப் பிரிக்கும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. எலும்பு விலகினால் திறந்து பிளேட் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கால் லாரி பிரேக்கை மிதிக்குமா என்பது சந்தேகம்தான்.

வந்த மறுநாளே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டான். லாரிச் சத்தம் கேட்டதாம்.

"ஏங்க, இவன ஒரே எடத்துல உக்கார வைக்கது ஒங்க பொறுப்பு," என்றாள் மனைவி. "கம்ப்யூட்டர் முன்ன அசையாம இருக்கதுல ஒங்கள மிஞ்ச ஆள் கெடையாது. அந்த வித்தைய இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் திறமையை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல்முறை. விடுவேனா?

எனக்குப் பெயிண்ட் கடை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டரில் விளையாட்டு லாரி ஓட்டுவேன்; அந்த மேஜையைத் துடைக்கக்கூட யாரையும் விட மாட்டேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ரோடு. எத்தனை தடவை ஓட்டினாலும் டோல்கேட்டில் இடித்துவிடுவேன். மச்சினனை உட்காரவைத்து, காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தேன். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அதிலேயே பட்டன்தான். கொஞ்ச தூரம் ஓட்டினான். கொட்டாவி விட்டான்.

"இது என்ன ஊரு அத்தான்? வெயிலயே காணும். ரோடெல்லாம் கழுவி விட்ட மாதிரி கெடக்கு. ஒறக்கம்லா வருது."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தான்.

இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். விளையாட்டு வரைந்து முடித்த படம் திரைக்கு வருவதற்குள், அதன்மேல் நாம் ஒரு பூச்சுப் பூசிவிடலாம். அதற்கென்று பில்டர்கள் இருக்கின்றன. வெளிச்சம், நிறம், புகைமூட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்லைடர். விளையாட்டு அதேதான், ரோடும் அதேதான். பார்வைக்கு மட்டும் வேறு ஊர். நிறம் கலக்குகிறவனுக்கு இது சொல்லியா தர வேண்டும்?

உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய் உப்பளப் பக்கம் கண் கூசப் பார்ப்பேன். இறங்கி ஓடிவந்து ஒரு ஸ்லைடரை நகர்த்துவேன். பச்சையைக் காயவைத்தேன், வானத்தை வெளுக்கவிட்டேன். ஆனால் என்ன செய்தாலும் படம் ஒரு மாதிரி மங்கலாகவே இருந்தது. சரி என்று நிறத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். கடைசியில் ஒரு மத்தியானம் வந்தே விட்டது: அப்படியே நம் உப்பளத்து ரோடு.

"ஏலே மாப்ள, வந்து பாரு," என்றேன், ஏதோ துறைமுகத்தையே கட்டி முடித்தவன் மாதிரி.

அவன் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தி வந்து உட்கார்ந்தான். ரோட்டைப் பார்த்ததும், நிஜ லாரியில் ஏறிவிட்ட நினைப்பில் பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்துத் திரையைத் துடைத்தான், வலது பாதியை மட்டும். துறைமுகத்தில் வண்டி ஓட்டுகிறவர்களின் கைப்பழக்கம் அது. உப்புக்காற்றும் கரித்தூளும் சேர்ந்து கண்ணாடியில் அப்பிக் கிடக்கும். துடைக்காமல் சாவியைத் தொட மாட்டார்கள். டிரைவர் பக்கத்தை டிரைவர் துடைப்பார், இடது பக்கம் கிளீனர் வேலை.

துடைத்த பாதி திருவிழா பலூன் கடை மாதிரி பளபளத்தது. வானம் குளியலறை வாளி நீலம். முன்னால் போன சிவப்பு லாரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது. இடது பாதியில் மட்டும் நம் ஊர் மத்தியானம் பத்திரமாக இருந்தது.

"கிராபிக்ஸ் கார்டு போச்சுலே," என்று பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

மனைவி வந்து துடைக்காத பாதியில் ஒரு விரலால் கோடு இழுத்து, விரலை என் மூக்குக்கு நேரே காட்டினாள். ஜன்னல் வழியாக வந்து படிந்த துறைமுகக் கரி.

"பெயிண்ட் கடைக்காரரு," என்றாள்.

ஆக, இத்தனை நாளும் நான் நிறம் கலந்தது அழுக்குக்கு. மானத்தைக் காப்பாற்ற, "மிச்சத்தையும் தொடச்சிட்டு முதல்லருந்து செய்யுதேன்" என்று துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க அத்தான்," என்று பாய்ந்து எழுந்தான் அவன். மாவுக்கட்டு ஸ்டூலை விட்டு இறங்கித் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் ஒரு கக்கத்தையும் அவள் ஒரு கக்கத்தையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். ஊன்றவில்லை.

"அந்தப் பக்கந்தான் நம்ம ரோடு," என்றான் மூச்சு வாங்க. "அதத் தொடச்சா நான் எங்கன போவேன்?"

"நீ இரு மொதல்ல," என்றாள் அக்கா. "எவனும் தொடைக்கல."

துடைத்த பாதிக்கு என்ன செய்வது? அதற்கும் அவனே வழி சொன்னான். "ஜன்னலத் தொறந்து போடுங்க. தன்னால வந்துரும்."

போட்டோம். கடல்காற்று அதன் வேலையைச் செய்தது. அதுவரை இடது பாதியைப் பார்த்தே ஓட்டினான், அப்போதும் டோல்கேட்டில் இடிக்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் துடைக்கிற என் மனைவி, தம்பி காலுக்காகத் திரையை மட்டும் சுற்றிக்கொண்டு போனாள். அவனும் வாசல் பக்கம் திரும்பவில்லை.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் எலும்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அடக்கமா இருந்த டிரைவர நான் பாத்ததே இல்ல" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பில்டரைப் பற்றி ஆரம்பிப்பதற்குள், "போதும், வாங்க" என்று கூட்டிவந்துவிட்டாள்.

திரும்ப லாரி எடுத்த அன்று உப்பளத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

"அத்தான், ஒங்க பில்டர் இங்கன அப்படியே இருக்கு. வெளிச்சந்தான் கொஞ்சம் கூடிப்போச்சு. கொறச்சு விடுங்க."

"கொறைக்கேன். இப்போ எங்கலே நிக்க?"

"டீக்கடையில."

"படியப் பாத்து எறங்கு," என்றேன்.