ஆறாவது கமராவில் சந்தனம்

"அதுக்கு முன்னால போகத் தேவையில்லை. கடை திறந்த நேரத்தில இருந்து போடுங்கோ," என்றான் லோகேஸ்வரன்.

ரஜனி மவுஸை நகர்த்தினாள். ஒன்பது கட்டங்களில் ஆறாவது மட்டும் திரை முழுவதும் விரிந்தது. மஞ்சள். இடது ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம்; அதில் யாருடைய தோளோ வந்து போனது. மேல் மூலையில் ஆயுத பூசை நாளின் திகதி. காலை பதினொரு மணி.

"ஓட்டு," என்றார் முதலாளி ராமசுப்பிரமணியன். அவர் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்.

பன்னிரண்டு. இரண்டு. ஐந்து. மஞ்சள் காய்ந்து வெடித்தது. விலகவில்லை.

கமராவின் கண்ணை மூடியிருந்தது சந்தனம். அந்தக் கமரா பார்க்க வேண்டிய இடம் பட்டுப் பகுதி. அங்கே இரண்டு காஞ்சிபுரம் சேலைகளைக் காணவில்லை. மற்ற நாட்களின் பதிவை ரஜனியே நேற்று ஓட்டிப் பார்த்து முடித்திருந்தாள். எதிலும் அந்தச் சேலைகள் தட்டை விட்டுப் போகவில்லை. மிஞ்சியது இந்த ஒரு நாள்.

"முழு நாளும் இதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" லோகேஸ்வரன் கேட்டான். அவன் கடையின் மனேஜர். பருத்தித்துறைக்காரன். பூசைக்கு ஊருக்குப் போயிருந்தான்.

"ஆமாங்க சார்."

"பாத்திட்டு?"

"பேசாம இருந்துட்டேங்க."

"மஞ்சள் பாக்கிறதுக்குத்தான் சம்பளமெண்டால் சுவருக்கு மஞ்சள் பெயின்ற் அடிச்சு விட்டிருக்கலாம் முதலாளி. கரண்டாவது மிச்சம்."

முதலாளி சிரிக்கவில்லை. "பொட்டு வச்சது நான்தான்னு நேத்து சொன்னியேம்மா," என்றார்.

"சொன்னேங்க."

"பிறகென்ன?" என்றான் லோகேஸ்வரன். "வேணுமெண்டே கண்ணைப் பொத்திப்போட்டு ஆரையோ எடுக்கவிட்டிருக்கிறா. பொலிசில ஒரு முறைப்பாடு போடுவம். அதுக்கு முதல் படத்தைக் குறூப்பில போடுவம்."

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை காலி வீதி நெடுகிலும் உள்ள கடைக்காரர்களின் வட்ஸ்அப் குறூப் அது. திருடிப் பிடிபட்டவர்களின் படங்கள் அதில் வரும். படம் வந்த ஆளை எந்தக் கடையும் உள்ளே விடாது. வேலைக்கு எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. மூன்று வருடங்களாக இந்தக் கடையிலிருந்து போன படங்களைப் பதிவிலிருந்து வெட்டிக் கொடுத்தவள் ரஜனி. முகம் தெளிவாக விழுந்த கணத்தைத் தேடி எடுப்பாள். நெற்றி முடி மறைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பாள்.

திரையின் கீழே இப்போதைய நேரம் ஓடியது. ஒன்பது ஐம்பத்திரண்டு.

பதிவுப் பெட்டி பதினாறு நாட்களைத்தான் வைத்திருக்கும். புதிதாக ஒரு நிமிடம் ஏற, பழையதில் ஒரு நிமிடம் அழியும். இன்று பதினாறாவது நாள். பூசை நாளின் காலை அழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது அன்றைய பத்து இருபது. பின்னால் நின்ற இருவருக்கும் இது தெரியாது.

அவள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்தாள். நான்கு வருடம் இரத்மலானையில் தையல் தொழிற்சாலை. பிறகு இந்தத் துணிக்கடை. கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் குடும்பம். புருஷன் புஷ்பராஜ் பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் ஏற்றுகிறான். கடைத் தளத்தில் அவள் பதினொரு வருடம் நின்றாள். ஆள் வராத நேரத்திலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இடது காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்தன. இரவில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியின் மனைவி கண்ணாத்தாள் அந்தக் காலைப் பார்த்துவிட்டார். "இந்தப் புள்ளைய உக்கார வைங்க. வெடிச்சிரும் போலருக்கு," என்று எல்லோர் முன்னாலும் புருஷனிடம் சொன்னார். கடையில் கமராக்கள் புதிதாகப் பூட்டிய மாதம் அது. மூன்றாம் மாடிப் படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இந்த அறையும் கதிரையும் அவளுக்குக் கிடைத்தன. கண்ணாத்தாளைக் கடையில் எல்லோரும் ஆச்சி என்பார்கள்; செட்டிமார் வீட்டு வழக்கம். லோகேஸ்வரனின் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி; அவனுக்கு மட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரியை ஆச்சி என்று கூப்பிட நா எழாது. மேடம் என்பான்.

ரஜனி முகங்களைப் பார்ப்பதில்லை. கைகளைப் பார்ப்பாள். வாங்க வந்தவள் துணியை இரண்டு விரலால் தேய்ப்பாள். எடுக்க வந்தவள் துணியைத் தொட்டுக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். அப்போது ரஜனி இன்டர்கொம்மில் வாசல் காவலன் மெல்ரோயைக் கூப்பிட்டு, "மழை வருதா?" என்று கேட்பாள். மெல்ரோய் சிரித்த முகத்தோடு அந்தப் பெண்ணிடம் பில் கேட்பான். மூன்று வருடத்தில் அவள் கேட்ட மழை ஒன்றுகூடப் பிழையாய்ப் போனதில்லை.

பூசையன்று கத்தரிக்கோல், கஜக்கோல், தையல் மெஷின், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். எட்டுக் கமராக்களுக்கு ரஜனி வைத்தாள், கண்ணில் படாமல் விளிம்பில். ஆறாவதுக்கு வந்தபோது ஆச்சி சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "இதுவும் ஆயுதந்தானே, நான் வைக்கிறேன்," என்று ஸ்டூலில் ஏறினார். மற்றவர்கள் கீழே கடலைக்கும் அவலுக்கும் வரிசையில் நின்றார்கள். ரஜனி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஆச்சி நடுக் கண்ணில் தாராளமாக அப்பினார்.

நேற்று மாலை முதலாளி கேட்டபோது பொலிஸ் பேச்சு இல்லை. ஆச்சி பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். "நான்தாங்க," என்று ரஜனி சொன்னாள். ஆச்சி கோப்பைக்குள் பார்த்தார்.

"ஆர் எடுத்ததெண்டு சொன்னால் உங்களை விட்டுவிடுவம்," என்றான் லோகேஸ்வரன். "பட்டுப் பகுதியில நிக்கிற சுபாஷினியோ?"

"சத்தியமா தெரியாதுங்க சார்."

அவள் ஒன்பது கட்டங்களுக்குத் திரும்பினாள். மூன்றாவது கட்டத்தில், இப்போது, கீழே, ஆச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தீபாவளிப் பைகளில் எவர்சில்வர் டம்ளர்களைப் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணி ஆறு நிமிடம்.

"இஞ்ச பாருங்கோ."

திரும்பினாள். லோகேஸ்வரன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"படம் எடுக்காதீங்க சார்."

"நெத்தியில கிடக்கிற மயிரை ஒதுக்குங்கோ."

ரஜனி திரைப்பக்கம் திரும்பி மவுஸைப் பிடித்தாள். ஆறாவது கட்டம். பூசை நாள். பத்து இருபதுக்கு இழுத்தாள்.

"கடை திறக்காத நேரமெல்லே அது? என்ன விளையாட்டு?"

"பாருங்க முதலாளி," என்றாள்.

மஞ்சள் இல்லை. பட்டுப் பகுதி வெளிச்சமாகத் தெரிந்தது. கீழேயிருந்து ஒரு முகம் எழுந்து வந்தது. கண்ணாடிக்கு மிக அருகில் வந்ததால் மூக்கு பெருத்து, கன்னங்கள் பின்னால் ஓடின. உதடுகள் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தன. வைர மூக்குத்தி. முகத்துக்குக் கீழே, ஸ்டூலைப் பிடித்திருந்த ரஜனியின் இரண்டு கைகள். பிறகு ஒரு விரல். பிறகு மஞ்சள்.

"நிறுத்து," என்றார் முதலாளி.

லோகேஸ்வரன் போனைச் சட்டைப் பையில் போட்டான். "மேடம்," என்றான், யாரிடமும் இல்லாமல்.

முதலாளி கதிரையின் முதுகைப் பிடித்தார்.

"நேத்து ஏன் பொய் சொன்ன?"

"ஆச்சி பக்கத்துல நின்னாங்க."

"சரி, அன்னிக்கே தொடச்சிருக்கலாம்ல?"

"பூசைப் பொட்டுங்க முதலாளி. மறுநாள் வரைக்கும் தொடச்சா ஆகாதும்பாங்க எங்க வீட்ல."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றார் அவர்.

மணி பத்துப் பதினொன்று.

"இன்னும் பத்து நிமிசத்துல இது அழிஞ்சிருங்க," என்றாள். "பென் டிரைவ்ல ஏத்தி வச்சிக்கிறேங்க."

"வேண்டாம்."

"முதலாளி, நாளைக்கு யாராச்சும் கேட்டா..."

"நான் பாத்துட்டேன். மனேஜர் பாத்துட்டாரு. போதும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "பொலிஸ் வேண்டாம். குறூப்பும் வேண்டாம். உம்மேல ஒண்ணுமில்ல. ஆனா, பாத்ததச் சொல்லாதவளுக்கு இந்த ரூம்ல என்னம்மா வேலை?"

அவள் ஒரு நாள் முழுவதும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மை.

மூவரும் அங்கேயே இருந்தார்கள். கீழே யாரோ பிள்ளையை அதட்டும் சத்தம் படியேறி வந்தது. பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுத்தால் கைக்குள் வரும். முதலாளியின் கை கதிரையின் முதுகை விடவில்லை. பத்து இருபத்து நான்கில், "இப்ப போடு," என்றார். போட்டாள். திரை கறுப்பாக இருந்தது. பதிவு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்திய கடைசிச் சனி. கடை எட்டரைக்கே திறந்தது. வேலைப் பட்டியலில் ரஜனியின் பெயர் முதலாம் மாடியில், பிள்ளைகள் உடுப்புப் பகுதியில் இருந்தது. கமரா அறைக்குச் சுபாஷினியைப் போட்டிருந்தார்கள். இரண்டு சேலைகளும் கிடைக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஆச்சி வந்தார். முதலாம் மாடிக்கு ஏறவில்லை. ரஜனி இருபத்தேழு கவுண்களும் பதினான்கு சட்டைகளும் விற்றாள். இரண்டரைக்குச் சாப்பிட்டாள். மாலையில் மழை பெய்ததால் ஆட்கள் உள்ளேயே நின்றார்கள். ஒன்பது மணிக்குக் கதவை இறக்கினார்கள். பஸ்ஸில் இடம் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனை வரை நின்றுகொண்டு போனாள்.