சோலார் பேனலுக்கு ஒரு கோட் லேக்கர்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி. எங்கள் தெருவுக்கு, சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. வழக்கம்போல அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

எல்லா வீட்டிலும் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் தேடவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டில் நின்றேன். ஏன்? ஆம்பூரிலேயே — சரி, எங்கள் தெருவிலேயே — கரண்ட் போனாலும் அணையாத ஒரே கிறிஸ்துமஸ் ஸ்டார் எங்கள் மாடியில்தான். சோலார் ஸ்டார். சர்ச் வாசலில் மூன்று ஞாயிறு நின்று இதை எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது. தலைக்கு மேலே ஸ்டார் மஞ்சளானது... சிவந்தது... அணைந்தது.

கொயர் மாஸ்டர் பாட்டை நிறுத்தவில்லை. பாடி முடித்து, கேக்கைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்டார்.

"இன்னாண்ணே, ஸ்டாரை இப்படி அணைச்சிட்டீங்க? ஸ்டாரைப் பாத்து வர்ற ஞானிங்க மூணு பேரும் வழி தெரியாம பேரணாம்பட்டு பஸ் ஏறிடப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி லில்லி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குப் பயமில்லை.

விஷயம் இதுதான். மாடியில் தெற்குச் சுவர் ஓரம், நாள் முழுக்க வெயில் விழும் இடம், முப்பது வருஷமாக லில்லியின் துணிக்கொடி. சோலார்க்காரர் வந்தார். ஜோலார்பேட்டை ஆள், நிதானமானவர். மாடியை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக அந்த இடத்தில் போய் நின்றார். "இங்கதாங்க வெக்கணும். ஒரு புடவை நிழல் விழுந்தாக்கூட கரண்ட் படுத்துடும். மத்தபடி ஒரு வேலையும் கெடையாது. வெச்சிட்டு மறந்துடலாம்."

கொடியை அவிழ்த்தேன். பேனல் ஏறியது, பேட்டரியும் வந்தது. மழை மாசம் வேறு. துணி காயவில்லை. ஈர பனியனோடு நான் சர்ச்சுக்குப் போனேன். லில்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கறேன். ஸ்டாரு ஒரு நாள் அணைஞ்சாலும் சரி... உங்க கண்ணாடி கீழ, என் கொடி மேல."

நான் ஒத்துக்கொண்டேன். வெயிலை வேலைக்கு வைப்பது எனக்குப் புதுசா என்ன? பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தோல். அந்தக் காலத்தில் எங்கள் ஃபேக்டரியில் தோலைப் பலகையில் இழுத்து ஆணியடித்து வெயிலில் சாய்த்து வைப்போம். சாய்வு தப்பினால் மேஸ்திரி திட்டுவார். சம்பளம் கேட்காமல், லீவு மட்டும் நினைத்தபோது எடுத்துக்கொள்ளும் ஒரே தொழிலாளி சூரியன்தான் என்று அந்த மேஸ்திரி சொல்வார். அவரே நினைத்தபோது லீவு எடுப்பவர் என்பது வேறு கதை.

எங்கே விட்டேன்? ஆங்... பேனல் ஏறியதில். அடுத்து வந்தது காக்கா.

தோலில் இருந்து சுரண்டிப் போடும் சவ்வு, கொழுப்பு எல்லாம் எங்கள் ஊர்க் காக்காவுக்கு விருந்து. இவ்வளவு நாள் அதைக் கவ்விக்கொண்டு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று அது அலைந்துகொண்டிருந்தது போல. நான் மாடியில் கண்ணாடி மேசை போட்டுக் கொடுத்தேன். சாப்பாடும் அங்கேயே, சாப்பாட்டுக்குப் பிறகு ஆகவேண்டியதும் அங்கேயே.

சும்மா தண்ணீர் ஊற்றித் துடைத்திருக்கலாம். ஆனால் ஃபினிஷிங் செக்‌ஷனில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் சும்மா தண்ணீரோடு நிற்பானா? மங்கலான தோலுக்கு நாங்கள் என்ன செய்வோம்? மேலே ஒரு கோட் லேக்கர். பளபளக்கும், அழுக்கு ஒட்டாது. தோலுக்கு ஆனது கண்ணாடிக்கு ஆகாதா?

இன்னும் ஃபேக்டரியில் இருக்கும் என் தோஸ்த் பாஷா பாயிடம் ஒரு சின்ன டின் கேட்டேன்.

"எதுக்குண்ணே?"

"பழைய பீரோ ஒண்ணு."

வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இது சின்னது. எச்சத்தைத் துடைத்துவிட்டு, லேக்கரை மெத்தென்ற துணியில் தொட்டு, ஒரே திசையில் இழுத்து, பேனலுக்கு ஒரு கோட் கொடுத்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அன்றைக்கே தூறல் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள்தான் அந்தக் கேரல் செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலையில் சோலார்க்காரர் வந்தார். லில்லியும் மாடிக்கு வந்தாள், கையில் கொடிக்கயிறோடு. பேனல் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெள்ளையாக இருந்தது. சோலார்க்காரர் நகத்தால் சுரண்டினார்.

"இன்னாங்க இது, பனியா? போக மாட்டேங்குது."

"பனி ஜாஸ்திதாங்க இந்த வருஷம்" என்றேன்.

லில்லி குனிந்து மோந்து பார்த்தாள். எத்தனை வருஷம் என் சட்டையைத் துவைத்தவள்?

"இது லேக்கரு" என்றாள்.

அதோடு விட்டாளா? "ஈரக்காத்துல லேக்கர் அடிச்சா வெளுத்துடும்னு எத்தினி பேரை ஃபேக்டரியில திட்டிட்டு வந்து, வீட்ல எனக்குக் கதை சொல்லிகிறீங்க?"

உண்மைதான். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன ஒரே பாடம் அது.

பாஷா பாய் லேக்கரைக் கரைக்கும் தின்னரோடு வந்தார். படியேறி, பேனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பீரோவை மாடியிலயாண்ணே வெச்சிருக்கீங்க?"

நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் வரை துடைத்தோம். கருநீலம் திரும்பி வந்தது. பேச்சு பேச்சுதான் என்று நான் ஸ்பேனரை எடுத்தேன். நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. முதல் போல்ட்டில் கை வைத்தபோது லில்லி சொன்னாள்.

"இருக்கட்டும் விடுங்க."

எனக்கு இரக்கம் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நான் துணியும் கையுமாக ஒரு பொருளைத் துடைப்பதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்திருக்கிறாள்.

"தெனம் காலையில பச்சைத் தண்ணி. வேற ஒண்ணும் தொடக் கூடாது. வடக்குப் பக்கம் கொடி கட்டுங்க, நிழல் பேனல் மேல விழாது. வெயில் கம்மிதான், அதனால துணியை ரெண்டு தரம் திருப்பிப் போடணும். அதான் மேலயே இருக்கப் போறீங்களே... நீங்களே போட்டுடுங்க. பேட்டரிக்கும் தண்ணி பாக்கணும். அப்பவாச்சும் எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி வருதான்னு பாப்போம்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. தெருவே இருட்டு. எங்கள் ஸ்டார் மட்டும் ஜம்மென்று எரிந்தது. கேட்டில் போய் நின்றேன். ஆனால் எங்கள் தெருவில் கேரல் முடிந்துவிட்டதே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? தின்னர் டின்னைத் திருப்பி வாங்க பாஷா பாய் மட்டும் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பீரோ நல்லா எரியுதுண்ணே."

சோலார் வைத்தால் வீட்டில் ஒருவருக்கு நிச்சயம் வேலை மிச்சம் — அந்த ஒருவர் யார் என்று வைப்பதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.