பிஸ்கோத்தும் கண்ணேறும்

கங்கைகொண்டானில் ரயில் ஏறியதும், பல் முளைக்கும் என் மகளுக்குக் கெட்டியான பிஸ்கோத்து ஒன்றைக் கடிக்கக் கொடுத்தேன். எதிரே இருந்த, காதில் பாம்படம் தொங்கிய அம்மாள் குழந்தையின் வாயையே உற்றுப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கண்ணேறு மூடத்தனம் என்று பேசுகிறவன். ஆனாலும் மகளின் முகத்தைத் துண்டால் மூடினேன்.

"மூடாதய்யா. பிஸ்கோத்து ஊறி ஒடஞ்சா தொண்டையில சிக்கும்லா?"

"உங்க சோலியப் பாருங்க!"

சற்றுநேரத்தில் துண்டுக்குள் சப்பும் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த அம்மாள் துண்டை இழுத்தாள். குழந்தை மூச்சின்றி நீலம் பாரித்திருந்தது. பறித்துக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். பிஸ்கோத்துச் சில்லு தெறித்து விழ, மகள் வீறிட்டாள்.

"கண்ணு வைக்கேன்னா நெனச்ச? வாயப் பாத்துக்கிட்டுல்லா குடுக்கணும்!"

இப்போதெல்லாம் எது கொடுத்தாலும் மகளை நிமிர்த்தி உட்காரவைத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே இருக்கிறேன். யாராவது உற்றுப் பார்த்தால், அவர்களும் பார்க்கட்டும் என்றிருக்கிறது.